தொழுவத்தில் விருந்து

இத்தாலியின் டஸ்கனிப் பிரதேசத்திலே பழைய பண்ணைவீடுகள் பல இன்று உல்லாசப் பிரயாணிகளின் விடுதிகளாகியுள்ளன. அவற்றின் அழகை மறுப்பார் இலர். ஆயின், அவ்வழகு யாருடையது என்னும் வினா நம்மை விடுவதில்லை.

இவ்வீடுகளிற் பெரும்பாலானவற்றில் வாழ்ந்தோர் அரைவாரக் குடியானவர்கள். ‘மெட்சாத்ரியா’ என்ற அம்முறையின் பெயரே பாதியைக் குறிப்பது. விளைவிற் பாதி நிலவுடைமையாளனுக்கு, வீடும் அவனுடையதே. குடியானவன் வீட்டில் ஒரு திருமணம் நடைபெறவும் அவனது சம்மதம் வேண்டியிருந்தது. உடன்படிக்கையை அவன் முறித்தால் குடும்பம் முழுவதும் வெளியேற வேண்டியதுதான். கீழே மாட்டுத் தொழுவம், மேலே மனிதர். குளிர்காலத்தில் மாடுகளின் உடற்சூடே மேலெழுந்து அவர்களைக் காத்தது. அத்தகைய தொழுவத்திலேதான் இன்று விருந்து பரிமாறுகிறார்கள்!

புதிய அரைவார உடன்படிக்கைகளை 1964இல் சட்டம் தடைசெய்தது. அதற்கு முன்னரே குடியானவர்கள் தொழிற்சாலைகளை நாடிச் செல்லத் தொடங்கிவிட்டனர். பலர் விரும்பியே போயினர் என்பதை நாம் மறைத்தலாகாது. பாழடைந்த சுவர்களை மீட்டவர்களைப் பழிப்பதும் நியாயமன்று. அவர்கள் இன்றேல் பல வீடுகள் மண்ணோடு மண்ணாகியிருக்கும்.

ஆனால், ஒருவனது இல்லாமைக்குக் ‘கிராமிய எளிமை’ எனப் பெயரிட்டு விலைகூறும்போது, அவனை அக்கதையிலிருந்து நீக்கிவிட நமக்கு உரிமை உண்டா? இல்லை என்பதே எம் துணிபு. சுவரில் மாட்டியுள்ள நுகத்தடியைக் கண்டு வியக்கும் விருந்தினனுக்கு, அதனைப் பூட்டி உழுதவன் தன் கோதுமையில் எத்தனை பங்கை அளந்து கொடுத்தான் என்பதையும் எவரேனும் சொல்லட்டும்.