யாரும் கேளாத தொழுமரம்



அப்போஸ்தலர் பணி நூலின் 16ஆம் அதிகாரத்தைச் சற்று நிதானித்து வாசியுங்கள். பிலிப்பி நகரின் நடுவர்கள் சிறைக்காவலனுக்கு இட்ட கட்டளை ஒன்றே: சின்னப்பரையும் சீலாவையும் கவனமாகக் காவல் செய்யவேண்டும். அவனோ அவர்களை உட்சிறையில் தள்ளி, அடிபட்டுப் புண்ணாகியிருந்த அவர்களின் கால்களைத் தொழுமரத்திலும் மாட்டினான். தொழுமரத்தை யாரும் கேட்கவில்லை. அது அவனாகச் சேர்த்துக்கொண்டது. அன்றிரவு நிலம் அதிர்ந்து எல்லோருடைய கட்டுகளும் கழன்றபோது ஒருவரும் ஓடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

கைவிலங்கே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. கல்முனை நீதிமன்றத்துக்குக் கைதிகளைக் கொண்டுவந்து திரும்ப ஏற்றிச் செல்லும் உத்தியோகத்தர், ஒருவன் தப்பினால் பதில் சொல்லியாக வேண்டும். அவர்களுடைய சிரமம் நமக்குத் தெரியும். ஆனால் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை ஓர் எல்லை வைத்திருக்கிறது: கைதானவன் தப்பியோடாமல் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் அவனைக் கட்டுப்படுத்தலாகாது. அவமானப்படுத்துவதற்கோ, ஊருக்குக் காட்டுவதற்கோ, கோபம் தீர்ப்பதற்கோ விலங்கு அல்ல.

தேவையானபோது மாட்டுவதிலும் முறை உண்டு. இரண்டாம் பூட்டைப் போடாவிட்டால் வண்டி குலுங்கும்போதெல்லாம் விலங்கு இறுகிக்கொண்டே போகும். மணிக்கட்டுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு விரல் நுழைய இடம் வேண்டும். பெருவிரல் பக்கமாக ஓடும் நரம்பு நசுங்கினால் புறங்கை மரத்து, சிலருக்கு மாதக்கணக்கில் உணர்ச்சி திரும்பாது. கைகளைப் பின்னால் பூட்டிக் குப்புறக் கிடத்தினால் மூச்சே நின்றுவிடலாம். தாமதியாமல் எழுப்பி இருத்தவேண்டும். “கை விறைக்குது ஐயா” என்று ஒருவன் சொன்னால், நடிக்கிறான் என்று தள்ளிவிடாமல் குனிந்து பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது என முஸ்லிம் சகோதரரின் ஊர்கள் நடுவே வாழும் நாம் அவர்கள் போற்றும் ஒரு செய்தியையும் அறிந்திருப்பது நன்று. பத்ர் போரில் பிடிபட்டவர்களுள் நபிகள் நாயகத்தின் சிறிய தந்தை அப்பாஸும் ஒருவர். கட்டு இறுகி அவர் முனகியது கேட்டு நபிகளுக்கு உறக்கம் வரவில்லையாம். ஒருவர் போய் அப்பாஸின் கட்டைத் தளர்த்தினார். அதை அறிந்த நபிகள், எல்லாக் கைதிகளுக்கும் அவ்வாறே செய்யும்படி சொன்னாராம். தம் உறவினருக்கு மட்டும் என்று விடவில்லை. ஒரே விலங்கில் இருவரைப் பூட்டும்போது ஒருவன் வுழு செய்யவும் மற்றவன் சிலுவை அடையாளம் வரையவும் கை வேண்டுமே என்று நினைக்கிறோமா?

எல்லாவற்றிலும் மனத்தை உறுத்துவது வைத்தியசாலைக் கட்டில்தான். இந்தியாவின் குவாகாத்தியில் தடாச் சட்டக் கைதிகள் ஏழு பேர் வைத்தியசாலைக் கட்டிலோடு விலங்கிடப்பட்டிருந்ததைப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதத்தில் எழுதினார். அறைக்கு இரும்புக் கம்பிகள். வாசலில் ஆயுதம் தாங்கிய பொலிசார். அதற்கு மேலும் விலங்கு! பிலிப்பியின் தொழுமரமே தான். நீதவானின் அனுமதியின்றி விலங்கிடலாகாது என்று 1995இல் அந்த நீதிமன்றம் கண்டித்தது. அதே 1995க்கு இருபது ஆண்டுகள் பின்னர், 2015இல், ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், பிரசவ வேதனையிலும் பிரசவத்தின்போதும் அதையடுத்தும் எந்தப் பெண்ணுக்கும் விலங்கிடக் கூடாது என்கின்றன. இதை எழுதிவைக்க வேண்டியிருந்ததே வெட்கம்.

எமது கரையோரத்துக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. 2004 டிசம்பர் 26 காலை கடல் ஊருக்குள் புகுந்தபோது, ஓட முடிந்தவர்களே பிழைப்பது அரிதாயிருந்தது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கட்டிலோடு பூட்டப்பட்ட நோயாளி அத்தகைய காலையில் என்ன செய்வான்?

ஆகவே, வைத்தியசாலைகளில் பணிபுரியும் எமது தாதியரிடமும், நோயாளரைச் சந்திக்கச் செல்லும் அருட்சகோதரிகளிடமும் ஒன்று கேட்கிறோம். விலங்கோடு ஒருவர் படுத்திருக்கக் கண்டால், காவலரிடம் மரியாதையாகவே இரண்டு கேள்வி கேளுங்கள். இது இன்னும் தேவைதானா? திறப்பு யாரிடம் இருக்கிறது? அவர் தேநீர் குடிக்கக் கீழே இறங்கினால், திறப்பும் அவரோடு போய்விடுமா என்றும் கேளுங்கள்.