விளக்கின் மேல் செய்த சத்தியம்

2019ஆம் ஆண்டின் ஊரக உள்ளாட்சித் தேர்தல் கிறிஸ்து பிறப்புக் காலத்தில் வந்தது. டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் இரு கட்டமாக வாக்குப்பதிவு. அப்போது நான் பணியாற்றிய சிற்றூருக்கு இரண்டாம் கட்டம். அதற்கு முந்தின நாள் ஞாயிறு, திருக்குடும்பத் திருவிழா. திருப்பலி முடிந்து குடிலருகே நின்றிருந்த என்னிடம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் வந்தார். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதன்று, கோவில் முற்றத்தில் கேட்ட கேள்வி. ஆயினும் அடையாளம் தெரியாதபடியே எழுதுகிறேன்.

“சாமி, ராத்திரி ஐந்நூறு ரூபாய் கொடுத்து, மாதா படத்துக்கு முன்னால விளக்கு மேல கை வைக்கச் சொன்னாங்க. வீட்டுக்காரரும் வச்சாரு, நானும் வச்சேன். இப்ப மாத்திப் போட்டா பிள்ளைகளுக்கு ஏதும் ஆயிடுமா?”

குருமடத்தில் கற்ற விடை எளியது. ஏரோது விருந்தினர் முன் ஆணையிட்டான். அதைக் காப்பாற்றுவதற்காகத் திருமுழுக்கு யோவானின் தலையை வெட்டச் செய்தான் (மாற்கு 6). தீயதைச் செய்வதாக இட்ட ஆணை எவரையும் கட்டாது என்பது புனித அக்குவினா தோமாவின் தெளிவான போதனை. ஆணையிட்டது ஒரு தவறு. நிறைவேற்றுவது மற்றொரு தவறு.

இதைச் சொன்னேன். அந்தத் தாய் விடவில்லை. “கொலையா பண்ணச் சொன்னாங்க, சாமி? ஒரு முத்திரை குத்தச் சொன்னாங்க.”

உண்மைதான். அந்த வேட்பாளருக்கு வாக்களிப்பது தன்னிலே பாவமன்று. தீமை விலையில் இருக்கிறது. வாக்கு என்பது அவருடைய ஆட்டையும் நெல்லையும் போல் அவருக்கே உரிய பொருளன்று. குடிநீர்க் குழாய் எந்தத் தெருவுக்கு வரும், தெருவிளக்கு எங்கே எரியும் என்பதெல்லாம் அதில் அடங்கியிருப்பதால், ஊரார் அனைவர் பொருட்டும் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு அது. பொதுநன்மைக்காகச் சுதந்திரமாக வாக்களிப்பது உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏட்டில் (எண் 75) கூறுகிறது. மந்திரவாதி சீமோன் திருத்தூதர்களிடம் பணத்தை நீட்டியபோது பேதுரு சினந்தது ஏன்? விற்பதற்குரியதல்லாத ஒன்றுக்கு அவன் விலை பேசினான். விற்பனையே செல்லாதபோது, அவ்விற்பனைக்காகச் செய்த சத்தியம் மட்டும் எப்படிச் செல்லும்?

சட்டமும் கொடுப்பவர், வாங்குபவர் இருவரையும் குற்றவாளிகளாகவே காண்கிறது. பணம் பாய்ந்ததால் 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் சட்டமன்றத் தொகுதிகளிலும், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் தேர்தலே ரத்தானது. ஆனால் சில நூறு வாக்குகளே உள்ள ஒரு வார்டில், நள்ளிரவில் கதவைத் தட்டுபவரை யார் பார்க்கிறார்கள்?

என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது வேறொன்று. ஊராட்சித் தேர்தலில் வாக்குச்சீட்டுதான். வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியம், மாவட்டம் என நான்கு சீட்டுகள். மடித்துப் பெட்டியில் போட்டபின் எவர் சீட்டு எது என்று எவருக்கும் தெரியாது. அப்படியிருந்தும் பணம் கொடுப்பவர் துணிந்து கொடுக்கிறாரே, எதை நம்பி? ஏழையின் பேராசையை நம்பியா? பேராசைக்காரர் இரு பக்கமும் வாங்கிக்கொண்டு யாருக்கோ குத்திவிட்டுப் போவார். கொடுப்பவர் நம்புவது ஏழையின் நாணயத்தை. சொன்ன சொல் தவறக்கூடாது, உப்பிட்டவரை மறக்கக்கூடாது என்று தாய் தந்தையர் வளர்த்த வளர்ப்பையே அவர் விலைக்கு வாங்குகிறார். ஆகையால், “வாங்கிக்கொள்ளுங்கள், மாற்றிப் போடுங்கள்” என்று மேடையில் முழங்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. ஏமாற்ற எண்ணியே கொடுக்கும் வாக்குறுதி, யாருக்குக் கொடுத்தாலும் பொய்தான். அந்தத் தாய் ஏமாற்ற எண்ணவில்லை. அஞ்சிக் கை வைத்தார்.

“மனச்சான்றுப்படி போடுங்கள், அம்மா. பெற்றோரின் சத்தியத்துக்காகப் பிள்ளைகளைத் தண்டிப்பவர் அல்லர் நம் ஆண்டவர்” என்றேன். முகம் சற்றுத் தெளிந்தது. “அப்ப அந்தப் பணம், சாமி?”

இதற்கும் அக்குவினா தோமா விடை வைத்திருக்கிறார். கொடுப்பதும் வாங்குவதும் முறைகேடாயின், பணத்தைக் கொடுத்தவருக்குத் திருப்பித் தர வேண்டியதில்லை. வாங்கியவர் வைத்துக்கொள்ளவும் கூடாது. அறச்செயலுக்குத் தந்துவிட வேண்டும். சொல்லத் தொடங்கினேன். ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று யாரிடம் சொல்கிறேன்? நிமிர்ந்தபோது குடிலைச் சுற்றி எரிந்த வண்ண விளக்குச் சரங்கள் கண்ணில் பட்டன. அவை அதே வேட்பாளர் பத்து நாள் முன்பு கோவிலுக்குத் தந்தவை. பீடத்தில் நின்று அவர் பெயரைச் சொல்லி நன்றி கூறியவன் நான். என்னிடம் எவரும் சத்தியம் வாங்கவில்லை. வாங்கத் தேவையும் இருக்கவில்லை.

“பிறகு பேசுவோம், அம்மா” என்று அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 2ஆம் நாள் வாக்குகள் எண்ணப்பட்டன, அவரே வென்றார். திருக்காட்சிப் பெருவிழா முடிந்து குடிலைப் பிரித்தபோது, விளக்குச் சரங்களைச் சுருட்டி அவர் வீட்டுக்கே அனுப்பிவைத்தேன். கோவிலுக்குக் கொடுத்ததைத் திருப்பி அனுப்பலாமா என்று அவர் மனம் வருந்தினாராம். அக்குவினா தோமாவின் விதிப்படி கொடுத்தவருக்கே திருப்பியதும் பிழை என்பது எனக்குப் பின்னர்தான் நினைவுக்கு வந்தது. அந்தத் தாயின் ஐந்நூறு ரூபாயைப் பற்றி, மாற்றலாகி அந்தப் பங்கை விட்டு வரும்வரை நாங்கள் பேசவேயில்லை.