அவிழ்க்கப்போகும் முடிச்சு

யூதர்களின் ஓய்வுநாள் சட்டம் விலக்கிவைத்த வேலைகள் 39. உழுவது, விதைப்பது, நெய்வது என்று நீளும் அந்த வரிசையில் முடிச்சுப் போடுவதும் முடிச்சை அவிழ்ப்பதும் தனித்தனியே இடம்பெற்றிருக்கின்றன. ஒரு கயிற்றை வளைத்துச் செருகுவது உழவுக்கு ஈடான வேலையா? பொ.ஆ. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா இதை அற்பமாக எண்ணவில்லை. ஒட்டகக்காரர் முடிச்சும் மாலுமி முடிச்சும் குற்றம் என்கிறது. ஒட்டகத்தின் மூக்கு வளையத்திலேயே நிலையாகக் கிடக்கிற முடிச்சைத்தான் அது குறிக்கிறது, அவ்வப்போது மாட்டிக் கழற்றும் கயிற்றின் முடிச்சை அல்ல என்று மிஷ்னாவை விவாதிக்கும் தால்மூத் தெளிவாக்குகிறது. ஆகவே இங்கே எடைபோடப்படுவது கயிற்றின் இறுக்கம் அல்ல. விட்டுவிட்டுப் போகவா, அவிழ்த்து எடுக்கவா என்ற கட்டுகிறவரின் நோக்கம்தான் எடைபோடப்படுகிறது. இது சரியான அளவுகோல் என்றே நான் கருதுகிறேன்.

இதற்கு வலுவான சான்று கூடாரத்திலிருந்தே கிடைக்கிறது. அந்த 39 வேலைகளும் பாலைவனத்தில் இஸ்ரவேலரின் வழிபாட்டிடமான ஆசரிப்புக் கூடாரத்துக்காகச் செய்யப்பட்டவை என்பது மரபு. அப்படியானால் அங்கே முடிச்சு எங்கே இருந்தது? கூடார முளைகளில் கயிறு கட்டினார்களே என்பது பாபிலோனியத் தால்மூத் தரும் முதல் பதில். அது உடனே தள்ளப்படுகிறது: அவிழ்ப்பதற்காகவே கட்டிய முடிச்சு அல்லவா அது! கடைசியில், நீலச் சாயம் தரும் கடலுயிரைப் பிடித்தவர்களின் வலைமுடிச்சில் போய் விடை நிற்கிறது. இங்கே எருசலேம் தால்மூத் வேறொரு கோணத்தைத் திறக்கிறது. கூடாரத்தின் மேலிருந்த மேகம் எழும்பினால் இஸ்ரவேலருக்குப் புறப்பாடு, தங்கினால் பாளயம். சில சமயம் ஒரே இரவுதான் தங்கல் என்கிறது எண்ணாகமம் 9ஆம் அதிகாரம். இறைவன் சொல்படி தங்கியதால் அந்த ஓரிரவும் நிலையானதற்குச் சமம் என்று வாதிட்டார் ஒருவர். இந்த வாதத்தின் அழகில் மனம் லயிக்கிறது. ஆனாலும் நோக்கமே அளவுகோல் என்ற கருத்தை அது உடைக்கவில்லை. காலத்தின் நீளத்தை விட்டுவிட்டு, எதற்குக் கட்டுப்பட்டுக் கட்டினோம் என்பதைத்தான் அதுவும் பார்க்கிறது.

நோக்கம் கண்ணுக்குத் தெரியாதே, முடிச்சை அல்லவா பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். மிஷ்னாவில் பேசும் ரபி மேயிரின் நிலை ஏறக்குறைய இதுதான்: ஒரு கையால் அவிழ்க்க முடிந்தால் குற்றமில்லை. நடைமுறைக்கு வசதியான சோதனைதான், ஆனால் கயிறு அதற்கு ஒத்துழைப்பதில்லை. மலையேறுவோரும் படகோட்டிகளும் போடும் பௌலைன் முடிச்சையே எடுத்துக்கொள்வோம். கண்ணி ஒன்று வைத்து, முனையை அதன் வழியே மேலே எடுத்து, நிற்கும் கயிற்றின் பின்புறம் சுற்றி, அதே கண்ணிக்குள் இறக்க வேண்டும். எவ்வளவு பாரம் இழுத்தாலும் அந்த வளையம் சுருங்காது. பாரம் நீங்கியதும் மேல்வளைவைப் பின்னால் மடக்கிவிட்டால் எளிதில் இளகிவிடும். ஒரு படகில் இதே முடிச்சை மாதக்கணக்கில் விட்டுவைப்பவரும் உண்டு, விடியலில் அவிழ்ப்பவரும் உண்டு. வடிவம் ஒன்றாகவே இருக்க, செயல் இரண்டாகிறது. மாறாக, தெரியாதவர் ஒரே இரவுக்கென்று நனைந்த கயிற்றில் போட்ட சாதாரண முடிச்சு இறுகிப்போய்க் கத்தியைக் கேட்கும். சோதனையைக் கையில் வைத்தால் கைத்திறன் இல்லாதவரைத்தான் அது தண்டிக்கும்.

அவிழ்க்கும் எண்ணத்தோடு கட்டுவது அரைமனதுக் கட்டு என்ற மறுப்பு இன்னும் ஆழமானது. கூடாரக் கயிற்றில் போடும் டாட்லைன் முடிச்சு இதை ஏற்கவில்லை. கயிறு விறைத்திருக்கும்வரை அது இழுப்பைத் தாங்கி நிற்கும்; தளர்த்திக் கையால் நகர்த்தினால் நகரும். அதைப் போட்டவர் இரவு முழுதும் காற்றுக்கு எதிராக அதை நம்பித்தான் தூங்குகிறார். உறுதி வேறு, நிரந்தரம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பியதால்தான் விலக முடியாத பற்றே உண்மையான பற்று என்று பல சமயங்களில் போதிக்கப்படுகிறது. 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் இந்தச் சட்டத்தை வகுத்தபோது, முழுக்குற்றத்துக்கு நிலைத்தன்மையும் தொழில்நேர்த்தியும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்றார். நேர்த்தியாகக் கட்டி, காலையில் அவிழ்த்துவிடுகிறவர் அந்த முழுக்குற்றத்துக்கு ஆளாவதில்லை. அந்தத் தீர்ப்பு சரியானது.