கொழுப்பும் கருணையும்

“இது எங்கள் மரபு” என்று ஒருவர் கூறியதும், கேள்வி கேட்போர் வாயடைத்து நிற்க வேண்டுமா? உயிர்களைக் கொழுக்க வைத்து உண்ணும் வழக்கங்களை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வோம்.

பிரான்ஸின் தென்மேற்குக் கிராமங்களிலே குளிர்காலச் சந்தைகளில் கொழுத்த வாத்தும் தாராவும் அவற்றின் ஈரலும் விலைபோகின்றன. அறுப்பதற்கு முந்திய சில நாட்களில் பறவையின் தொண்டைக்குள் குழாயைச் செலுத்திச் சோளத்தைத் திணிப்பர். ஈரல் இயல்பினும் பன்மடங்கு வீங்கும். வீங்கிய அவ்வீரலே செல்வர் விருந்தின் அருஞ்சுவைப் பண்டம். 2006ஆம் ஆண்டிலே பிரெஞ்சுச் சட்டம் இதனை நாட்டின் பண்பாட்டுச் சொத்தென அறிவித்தது. இந்தியாவோ 2014இல் இதன் இறக்குமதியைத் தடைசெய்தது. ஓரிடத்து மரபு மற்றோரிடத்தில் வதையெனப் பெயர் பெறுகின்றது.

தூரத்துப் பிழையைக் காண்பது எளிது. நமது கல்முனைக் கரையோரத்தையும் அதே கண்ணால் நோக்குவோம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாமும் கொழுத்த மாட்டையே தேடுகின்றோம். குர்பான் மாடு இரண்டு வயது நிரம்பியிருத்தல் வேண்டும். குருடு, நொண்டி, நோயுற்றது, எலும்பும் தோலுமாய் மெலிந்தது ஆகியன ஆகா. கத்தியை நன்கு தீட்டிக்கொள்ளல் வேண்டும். அதனையும் விலங்கின் கண்முன்னே தீட்டலாகாது. இறைவனைச் சென்றடைவது இறைச்சியுமன்று, குருதியுமன்று, இறையச்சமே என்பது திருமறையின் போதனை. இங்கே கொழுமை, பட்டினி போடாது பேணி வளர்த்தமைக்குச் சான்று. அங்கே அது வலிந்து உண்டாக்கிய நோய். வேறுபாடு பெரிது.

ஆயினும் அறுக்கும் கணத்தோடு நம் கடமை முடிந்துவிடுமா? பெருநாள் சந்திரக் கணக்கில் வருவது. ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முந்தும். மாரியில் வந்தால் புல் உண்டு. கோடையில் வந்தால் தவிட்டையும் புண்ணாக்கையும் காசுக்கு வாங்கியே மாட்டைத் தேற்ற வேண்டும். கடன்பட்டு வளர்த்த ஏழை, தரகன் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டால், கொழுப்பின் இலாபம் யாருக்கு? லொறியில் நெருக்கி அடைத்து, நீரின்றி வெயிலிலே கட்டிவைத்த பின், கத்தி மட்டும் கூர்மையாயிருந்து பயன் யாது? மிருகவதையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் இயற்றப்பட்டது. மார்க்கமும் சட்டமும் ஒருங்கே கேட்பதைச் சந்தை மட்டும் மறக்கலாமா?

கருணையின் பெயரால் எழும் எல்லாக் குரலும் கருணையாகிவிடாது. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை இணங்கிற்று. உண்போருக்கு இறைச்சியை இறக்குமதி செய்து சலுகை விலையில் கொடுக்கலாம் எனவும் கூறிற்று. அப்படியாயின் பிறநாட்டு மாட்டுக்கு வலி இல்லையா? அயலான் கத்தியை மட்டும் உற்றுநோக்கி, தன் கோழிப்பண்ணைக் கூண்டைக் காண மறுப்பவன் பேசுவது உயிரிரக்கமன்று. அது பகைமைக்கு அணிந்த போர்வை.

ஆதலின் மரபைக் காட்டிக் கொடுமையை மறைத்தலும், கொடுமையைக் காட்டி ஒரு சமூகத்தை ஒடுக்குதலும் ஒருங்கே மறுக்கத்தக்கன. எந்த வழக்கத்தையும் இரண்டு கேள்விகளால் அளப்போம்: கன்றாயிருந்த நாள்முதல் அவ்வுயிர் பட்டது என்ன? அதை வளர்த்த உழைப்பாளி பெற்றது என்ன? பிரெஞ்சு வாத்துக்கும் கல்முனை மாட்டுக்கும் அளவுகோல் ஒன்றே. வரும் பெருநாளுக்கு மாடு வாங்கப் போகும் ஒவ்வொருவரும் விலை பேசுமுன், நிழலும் நீரும் அதற்கு இருந்தனவா என்று வினவட்டும். சந்தையைத் திருத்த அதுவே முதற்படி.