நாம் காத்திருக்க, யார் நடக்கிறார்கள்?

2025 செப்டம்பர் முதல் வாரத்தில் சித்தி பையன் திருப்பூரிலிருந்து கூப்பிட்டான். "அண்ணா, வண்டி இப்பவே எடுக்கறதா, பொறுக்கறதா?"

அந்த வாரம் நிறையப் பேருக்கு இதே கேள்விதான். 350 சிசி வரைக்குமான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறையும், 22ஆம் தேதியிலிருந்து அமல் என்று அறிவித்திருந்தார்கள். வரியோடு 128 ரூபாய் ஆகும் பொருள் 118 ரூபாய்க்குக் கிடைக்கும். மூன்று வாரம்கூட இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? "பொறுடா" என்றேன்.

"சரிங்ணா. பொறுக்கறதுன்னு ஆயிப்போச்சு, அப்படியே ஜனவரி வரைக்கும் பாத்துரலாமா? புது மாடல் வருதுன்னு பேசிக்கறாங்க."

எனக்குச் சுருக்கென்றது. அவன் ஒரே மூச்சில் கேட்டாலும் அவை இரண்டு வெவ்வேறு காத்திருப்புகள். முதலாவதுக்குத் தேதி உண்டு, தொகை உண்டு. கணக்குப் போட்டு முடித்துவிடலாம். இரண்டாவதுக்கு இரண்டுமே இல்லை, பேச்சு மட்டும்தான் இருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். இரண்டுக்கும் பொறுமை என்றுதான் பேர்.

அந்த இரண்டாவது பொறுமையில் நான் ஏழு மாதம் இருந்திருக்கிறேன்.

2021 ஜனவரியில் கிளாசிக் 350 வாங்க முன்பணம் கையில் இருந்தது. ஆனால் 2020 நவம்பரில் ராயல் என்ஃபீல்டு மீட்டியாரைப் புது இன்ஜினோடு இறக்கியிருந்தது. அடுத்து கிளாசிக்குக்கும் அதே இன்ஜின்தான், அதிர்வு குறைவு என்று எல்லோரும் சொன்னார்கள். பழைய இன்ஜினில் கொண்டுபோய்க் காசைப் போடுவதா? பொறுத்தேன்.

வீட்டில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. நான் புது வண்டி எடுத்ததும் என் ஸ்ப்ளெண்டர் அப்பாவுக்கு. அப்பா ஒண்டிப்புதூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். சிங்காநல்லூர் வீட்டிலிருந்து ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போய்வருவார். அது குளிர்ந்த காலைகளில் பதினைந்து உதைக்குப் பிறகுதான் உயிர் பெறும். "இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கப்பா, புது மாடல் வரட்டும்" என்றேன். "அவசரமில்ல சாமி. நீ நல்லதாப் பாத்து எடு" என்றார்.

பார்த்தேன். தினமும் பார்த்தேன். அடையாளம் தெரியாமல் மறைத்து ஓட்டப்படும் சோதனை வண்டியின் மங்கலான படங்கள், அந்தப் படங்களை வைத்துப் பேசும் அரைமணி நேர வீடியோக்கள். நடுவில் ஊரடங்கு வந்தது. அதையும் என் கணக்கில் வரவு வைத்துக்கொண்டேன்: நல்லவேளை, வாங்கியிருந்தால் சும்மா நின்றிருக்கும். மெக்கானிக் அண்ணனிடம் கேட்டால், "புது மாடலை முதல் வருசம் எடுக்காத தம்பி, குறையெல்லாம் சரி பண்ணட்டும்" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் சேர்த்துப் பாருங்கள். மாடல் வரும்வரை ஒரு காத்திருப்பு, வந்தபின் குறை தீரும்வரை இன்னொன்று. அதற்குள் அடுத்த மாடலின் மங்கலான படம் வந்துவிடும். நியாயமான காரணங்களை வரிசையாகக் கோத்தால் முடிவே இல்லாத ஒரு சங்கிலி கிடைக்கிறது.

இதற்கு ஹெர்பர்ட் சைமனிடம் ஒரு பதில் உண்டு. 1978இல் பொருளாதார நோபல் பெற்றவர். இருப்பதிலேயே சிறந்ததைத் தேடிக் கண்டடைவது மனிதனின் அறிவுக்கும் நேரத்துக்கும் கட்டுப்படியாகாத வேலை என்று 1950களிலேயே எழுதினார். நாம் செய்ய முடிந்தது, 'இவ்வளவு இருந்தால் போதும்' என்று ஒரு கோடு போட்டுக்கொண்டு அதைத் தாண்டுகிற ஒன்றை எடுத்துக்கொள்வது. நல்ல பதில்தான். ஆனால் எனக்கு அந்தக் கோடு ஏன் விழவேயில்லை? தேடுவதன் செலவு தேடுபவன் தலையில் விழுந்தால் அவன் எப்படியும் ஒருநாள் சலித்துப்போய் 'போதும்' என்று சொல்லிவிடுவான். எனக்குச் சலிக்கவே இல்லை. காரணத்தை ஒரு ஆகஸ்ட் இரவில் கண்ணால் பார்த்தேன்.

மணி ஒன்றேகால் இருக்கும். பன்னிரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்த அப்பாவை இன்னும் காணோம், போனும் எடுக்கவில்லை. அம்மா வாசலில் நின்றிருந்தாள். நான் உள்ளே கட்டிலில் படுத்து புது கிளாசிக்கின் சைலன்ஸர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன், காதில் இயர்போனோடு. அம்மா வந்து தோளைத் தட்டினாள். வெளியே வந்தால், அப்பா எக்ஸ்எல்லைத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் திரும்புகிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஸ்டாண்ட் போட்டுவிட்டு, "இன்னும் தூங்கலையா சாமி?" என்றார். அவ்வளவுதான். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஒண்டிப்புதூரிலிருந்து தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். அதே நேரத்தில் என் ஸ்ப்ளெண்டர் கவர் போட்டு வாசலில் நின்றிருந்தது.

என் பொறுமை ஏன் அவ்வளவு சுலபமாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. காத்திருந்தவன் நான், நடந்தவர் அப்பா. எனக்கு மாதச் செலவே இல்லாத ஒரு காத்திருப்பு. எத்தனை மாதம் வேண்டுமானாலும் நீட்டலாம்.

இப்போதே வாங்கியிருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அவசரப்பட்டு வாங்குவதும் குணமல்ல. எதையும் உடனே வாங்கு என்று நாள் முழுக்க நம்மைப் பிடித்துத் தள்ளும் காலத்தில், பொறுப்பவனிடம் ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது. அந்த மரியாதையை நானும் எனக்குக் கொடுத்துக்கொண்டேன். ஆனால் நான் ஆசையைக் குறைக்கவில்லையே. வாங்காத வண்டியை ஏழு மாதம் தினமும் இரண்டு மணி நேரம் மனசுக்குள் ஓட்டியிருக்கிறேன்.

பிழை எங்கே என்று தேடினால், கேள்வியிலேயே இருந்தது. 'இப்போதா, பிறகா?' என்று நான் கேட்டுக்கொண்டேன். அந்த இரண்டு வாசல்களுக்கும் வெளியே மூன்றாவது ஒன்று திறந்தே கிடந்தது: ஸ்ப்ளெண்டரை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு, நான் பஸ்ஸில் போய்க்கொண்டு, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் காத்திருக்கலாம். அப்பாவின் வண்டியை என் வண்டியோடு முடிச்சுப் போட்டது யார்? நான்தான். அந்த முடிச்சுக்கு ஏழு மாதத்தில் ஒருமுறைகூடக் காரணம் தேடவில்லை. என் முடிவு என்று நினைத்துக்கொண்டிருந்தது பாதி அவருடைய நாட்களைப் பற்றிய முடிவு. அவரிடம் நான் கேட்கவேயில்லை. அவர் 'அவசரமில்ல' என்றதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். அப்பாக்கள் சொல்லும் 'அவசரமில்ல'வை எப்படிப் படிப்பது என்று நமக்குத் தெரியாதா என்ன? தெரியும். படிக்காமல் இருப்பது வசதி.

மறுநாள் காலை சாவியைக் கொடுத்தேன். "அப்ப நீ?" என்றார். "பஸ்ல போறேன்." கொஞ்ச நேரம் சாவியைக் கையிலேயே வைத்திருந்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பஸ்ஸில் நின்றபடி போன அந்த வாரங்களில் சைமனின் கோடு தானாக விழுந்தது. அதிர்வு குறைவா கூடவா என்பதெல்லாம் எனக்கு அவ்வளவு முக்கியமில்லை என்று நாலாவது நாளே தெரிந்துவிட்டது. செப்டம்பர் 1ஆம் தேதி புது கிளாசிக் வெளிவந்தது. மெக்கானிக் அண்ணன் சொன்ன அந்த முதல் வருடத்துக்குக் காத்திருக்கவில்லை. எடுத்துவிட்டேன்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று அப்பா அதைச் சுற்றிவந்து, வலது பக்கம் குனிந்து எதையோ தேடினார்.

"கிக்கர் எங்க சாமி?"

"இதுல கிடையாதுங்கப்பா. பட்டன் மட்டுந்தான்."

"உதைக்கவே வேண்டாமா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சித்தி பையனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "ஜனவரி வரைக்கும் பொறுக்கறது உன் இஷ்டம். ஆனா ஒண்ணு சொல்லு. நீ பொறுக்கற வரைக்கும் யாரு நடக்கறா?" என்று மட்டும் கேட்டேன்.

"யாரும் நடக்கலீங்ணா. ரூம்மேட் வண்டிலதான் தினமும் போறேன். அவன் என்னை இறக்கிவிட்டுட்டுத்தான் அவன் கம்பெனிக்குப் போவான்."

"சுத்தா அவனுக்கு?"

"கொஞ்சம் சுத்துதான்."

"அப்ப என்னைக் கேக்காத. அவனைக் கேளு."