மூணு வட்டியும் முதல் சம்பளமும்

வருஷம் 3.6 லட்சம். ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரிகளில் கேம்பஸில் தேறிய பிள்ளைகள் பலர் சொல்லும் பேக்கேஜ் இதுவாகவோ இதற்கு முன்பின்னாகவோ இருக்கும். ஊருக்குள் வரும்போது அது மாதம் முப்பதாயிரமாகிவிடும். வங்கிக் கணக்கில் விழும்போது 24,000, 25,000. இடையில் போனது எங்கே என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை, பிள்ளைகளும் சொல்வதில்லை. நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 1,800, கிராஜுவிட்டி, குரூப் இன்சூரன்ஸ், வருஷக் கடைசியில் வந்தாலும் வரலாம் என்கிற வேரியபிள் எல்லாம் அந்த 3.6 லட்சத்துக்குள்ளேயே அடக்கம். அதற்குப் பிறகு நம் பங்கு பி.எஃப். இன்னொரு 1,800. இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

என் அக்கா மகள் இப்படி ஒரு வேலையில் பெங்களூரு போயிருக்கிறாள். மச்சானுக்குச் சொந்தமாக ஒரு லாரி, அவரே டிரைவர். குடும்பத்தில் முதல் பட்டதாரி இவள்தான். 2010 முதல் கவுன்சிலிங்கில் சேருவோருக்கு அரசு தரும் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையோடு படித்தாள். மிச்சத்துக்குக் கல்விக்கடன் 3 லட்சம். முதல் சம்பளம் வந்த வாரம் போனில் கேட்டாள்: "மாமா, எனக்கு ஒரு கணக்குப் போட்டுக் குடுங்க. ஐம்பது முப்பது இருபதுன்னு சொல்றாங்களே, அது நமக்குச் சரிப்பட்டு வருமா?"

தேவைக்குப் பாதி, ஆசைக்கு முப்பது சதவீதம், சேமிப்புக்கும் கடனுக்கும் இருபது என்ற அந்தக் கணக்கு, அமெரிக்காவில் எலிசபெத் வாரனும் அவர் மகள் அமேலியாவும் 2005-இல் எழுதிய புத்தகத்தால் பரவியது. வாரன் திவால் சட்டம் கற்பித்தவர், கடனில் மூழ்கிய குடும்பங்களை ஆராய்ந்தவர். அவர் சொன்னதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு முதல் பட்டதாரியின் சம்பளம் அவளோடு முடிவதில்லை. வீட்டுக்கு அனுப்பும் பணம் தேவையா, ஆசையா, சேமிப்பா? எந்தப் பங்கில் வைத்தாலும் கணக்கு இடிக்கிறது.

செலவை முதலில் எழுதச் சொன்னேன். பி.டி.எம். லேஅவுட்டில் மூன்று பேர் தங்கும் பி.ஜி. அறை, சாப்பாட்டோடு 9,500. ஞாயிறு ராத்திரி மெஸ் கிடையாது. அன்றைய சாப்பாடும் ஆபீஸ் டீயும் சேர்த்து 2,000. மூன்றாவது வரி, வேலைக்குப் போய்வரும் செலவு, என்னைக் கொஞ்சம் உறுத்தியது. 2021-இலிருந்து ராசிபுரத்தில் டவுன் பஸ்ஸில் டிக்கெட் காசில்லாமல் போய்வந்தவள் அவள். கர்நாடகத்திலும் 2023 ஜூன் முதல் பெண்களுக்கு இலவச பஸ் உண்டு, ஆனால் அந்த மாநில முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். அவள் ஆதாரில் இருப்பது நாமக்கல் மாவட்டம். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு 2025 ஆகஸ்டில் மெட்ரோ வந்துவிட்டதால் சில்க் போர்டு நெரிசலில் நிற்பது குறைந்திருக்கிறது, செலவு குறையவில்லை. அந்த வரி 1,500. மாதம் இரண்டு முறை சேலம் வழியாக வீட்டுக்கு வந்துபோக 1,600. போனுக்கு 400. ஆக அவள் உயிரோடிருந்து வேலைக்குப் போய்வர மட்டும் 15,000 ஆகிறது.

எழுதி முடித்துவிட்டு அவள் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "மாமா, பி.ஜி. ஆறாயிரம்னுதான் அம்மாகிட்டச் சொல்லியிருக்கேன். சொல்லிறாதீங்க."

அதே மாதம் மச்சான் என்னிடம் வேறொன்று சொல்லியிருந்தார். லாரிக்கு இன்சூரன்ஸ் கட்டுவதும் பின் டயர் மாற்றுவதும் ஒரே நேரத்தில் வந்துவிட, தெரிந்தவரிடம் 50,000 கைமாற்று, மூணு வட்டி. "பாப்பாவுக்குத் தெரிய வேண்டாம் மாப்ள. இப்பத்தான் வேலைக்குப் போயிருக்குது."

மகள் வாடகையை மறைக்கிறாள், அப்பா கடனை மறைக்கிறார். இரண்டும் பாசத்தால்தான். இந்தப் பாசம் மாதாமாதம் பணத்தைத் தின்கிறது என்பது யாருக்கும் தெரிவதில்லை. மூணு வட்டி என்றால் நூறுக்கு மாதம் மூன்று ரூபாய், வருஷத்துக்கு 36 சதவீதம். 50,000-க்கு மாதம் 1,500 வட்டி மட்டும் போகும், அசலில் ஒரு ரூபாய் குறையாது. இந்த நேரத்தில் மகளின் அலுவலகத் தோழி அவளை மாதம் 2,000 மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. போடச் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல யோசனைதான். ஆனால் ஒரே குடும்பத்தில் ஒருவர் 36 சதவீதத்துக்கு வட்டி கட்டும்போது, இன்னொருவர் பன்னிரண்டு சதவீதம் வரக்கூடும் என்று நம்பிப் பணம் போடுவது குடும்பத்துக்கு நஷ்டம். அவளுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த முதலீடு அப்பாவின் கைமாற்றை அடைப்பது. அப்படி ஒரு கடன் இருப்பது தெரிந்தால்தானே அடைக்க முடியும்!

கடனை வெளியே சொல்லாமல் இருப்பதன் எல்லை எதுவென்று எங்கள் நாமக்கல் மாவட்டம் பார்த்திருக்கிறது. பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்கள் கடனை அடைக்க வழியில்லாமல் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2025 ஜூலையில் வெளியானபோது, வறுமை என்று சொல்லிவிட்டு எல்லோரும் நகர்ந்தோம். அந்த வீடுகளிலும் கடன் எவ்வளவு, யாரிடம், என்ன வட்டி என்பது ஒருவர் மனதுக்குள்ளேயே கிடந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவள் ஊருக்கு வந்த ஒரு சனிக்கிழமை நால்வரும் உட்கார்ந்தோம். பி.ஜி. வாடகையை அவளே சொன்னாள். அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். கடனைச் சொல்ல மச்சானுக்கு அரைமணி நேரம் பிடித்தது. சொன்ன பிறகு அவருக்கு வந்த கவலை வேறு: "பொம்பளப்புள்ள சம்பளத்துல லாரிக் கடனைக் கட்டுனான்னு நாளைக்கு நாலு பேரு பேசமாட்டாங்களா?" பேசுவார்கள்தான். ஆனால் மகளைப் படிக்கவைக்கக் கடன் வாங்கியது சரி, அந்தப் படிப்பால் வந்த பணத்தைத் தொடுவது தப்பு என்றால் எனக்கு அது விளங்கவில்லை. மகன் என்றால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அவரிடம் இதை அப்படியே சொன்னேன்.

வழி அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அக்காவின் நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்து, அந்தப் பணத்தில் கைமாற்றை ஒரே தடவையாக அடைத்துவிட்டோம். கைமாற்றுக் கொடுப்பவர் அசலைப் பிய்த்துப் பிய்த்து வாங்கமாட்டார், வங்கி வாங்கிக்கொள்ளும். வட்டி மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. மகள் மாதம் 5,000 அனுப்பினால் பதினோரு மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். இந்தப் பதினோரு மாதம் தானாக அமைந்த நல்ல காலம். கல்விக்கடனுக்குப் படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கிடையாது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அதுவரையிலான வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு, அவளுக்கு அது கிடைத்திருக்கிறது. அடுத்த வருஷம் தவணை தொடங்கும்போது, 10 சதவீத வட்டியில் ஏழு வருஷத்துக்கு, மாதம் 4,980 வரும். இப்போது வீட்டுக்குப் போகும் அதே ஐயாயிரம் அப்போது வங்கிக்குத் திரும்பிக்கொள்ளும். இந்த ஒரு வருஷத்தைத் தவணை இல்லாத வருஷம் என்று செலவழித்துவிடும் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்குப் பதைக்கிறது.

அவள் கைக்கு வரும் சம்பளத்தில் செலவு 15,000, வீட்டுக்கு 5,000 போக 4,500 நிற்கிறது. இங்கே மச்சான் பேச ஆரம்பித்தார், அவர் சொன்னதை நான் எந்த நிதிப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை. தன் டிரிப் நோட்டை எடுத்துக் காட்டினார். வாடகை ஒரு பக்கம். டீசல், டோல், படி, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி இன்னொரு பக்கம். "இதுல கழிச்சு நிக்கிறதை மிச்சம்னு நெனச்சவன் எவனும் லாரி வெச்சுப் பொழைச்சதில்லை பாப்பா. எஃப்.சி. வரும், இன்சூரன்ஸ் வரும், டயரு வரும். டயரு இன்னிக்கும் தேயுது, காசு என்னிக்கோ கேட்கும்." அந்தக் கடனே அப்படி வந்ததுதான் என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

அவளுக்கும் டயர் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது. தீபாவளித் துணி, காய்ச்சல், லேப்டாப், சம்பாதிக்கத் தொடங்கியதும் தன் பெயரில் எழுத வேண்டிவரும் மொய். எல்லாவற்றுக்கும் மேல் வேலையே போவது. ஐ.டி.யில் பயிற்சி முடியும் முன்பே வெளியே அனுப்பப்பட்டவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அதனால் மாதம் 3,000 வங்கியில் தொடர்வைப்பு. மூன்று மாத பி.ஜி. வாடகை சேரும்வரை அதைத் தொடுவதில்லை என்று பேசிக்கொண்டோம். அக்கா நகைச்சீட்டு கேட்டாள். பதினோரு மாதம் கட்டினால் சேதாரம் இல்லாமல் நகை. முன்பணத்தை ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தால் கம்பெனிச் சட்ட விதிகளில் அது டெபாசிட் ஆகிவிடும் என்பதால்தான் கடைக்காரர்கள் பதினோரு மாதத்தோடு நிறுத்துகிறார்கள். சீட்டில் தப்பில்லை. ஆனால் இருக்கிற நகை வங்கியில் இருக்கும்போது புது நகைக்குக் கட்டுவது முறையில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன்.

சேலத்திலேயே வேலை பார்த்தால் என்ன என்ற பேச்சும் வந்தது. கருப்பூரில் 2024 செப்டம்பரில் டைடல் நியோ திறந்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து போய்வர முடிந்தால், அங்கே 15,000 வாங்கினாலும் கையில் நிற்பது ஏறக்குறைய இதே தொகைதான். ஆனால் முதல் இரண்டு வருஷம் யாரோடு வேலை பார்க்கிறோம் என்பதும் சம்பளத்தில் சேர்த்தி. அவள் பெங்களூருவிலேயே இருக்கட்டும் என்பது என் எண்ணம், அவளுக்கும் அதுதான்.

மீதி 1,500 அவளுக்கு. சினிமாவோ, புத்தகமோ, கடற்கரை பார்க்கப் போவதோ, யாரும் கணக்குக் கேட்கக் கூடாது என்று நான் நிபந்தனை வைத்தேன். மற்ற எல்லாவற்றையும் வெளியே சொல்லச் சொன்ன நான் இதை மட்டும் மூடிவைக்கச் சொல்கிறேனே என்று அக்கா மடக்கினாள். ஐயாயிரத்தை முகம் சுளிக்காமல் அனுப்புகிறவளுக்குத் தன் இஷ்டத்துக்குச் செலவழிக்கக் கொஞ்சம் இல்லாவிட்டால், மறுபடியும் பொய் சொல்லத் தொடங்குவாள் என்றேன். மச்சான் சரி என்றார். அக்கா, "ஆயிரம் போதாதா?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.