அருந்ததியின் அருகே ஒரு சிறு நட்சத்திரம்



தேவமாதாவின் வணக்க மாதமாகிய மே மாதத்தில், இரவு ஜெபமாலை முடிந்து கோவிலைவிட்டு வெளியே வரும்போது, வடதிசையில் சற்றே அண்ணாந்து பாருங்கள். சப்தரிஷி மண்டலம் என்று நம் முன்னோர் பெயரிட்ட ஏழு நட்சத்திரங்கள் அங்கே தெரியும். அதன் வாலில் கடைசிக்கு முந்தினது வசிஷ்டர். அதை ஒட்டினாற்போல் மங்கலாக மினுக்குவது அருந்ததி. மேல்நாட்டார் இவற்றை மிஸார், அல்கோர் என்பார்கள். நம் இந்து சகோதரர்கள் விவாகச் சடங்கில் மணமகளுக்கு அருந்ததியைக் காட்டுவதை நீங்கள் அறிவீர்கள்.

வெறுங்கண்ணுக்குத் தெரிவன இரண்டே. ஆனால் 1617-ம் ஆண்டில், அர்ச். ஆசீர்வாதப்பர் சபைச் சந்நியாசியாகிய கஸ்தெல்லி என்பவரும், அவருடைய ஆசிரியர் கலிலேயோவும் தூரதிருஷ்டிக் கண்ணாடி வழியாய் நோக்கியபோது, வசிஷ்டர் ஒன்றல்ல, இரண்டு என்று கண்டார்கள். 1889-ல் பிக்கரிங் என்னும் அமெரிக்க சாஸ்திரி, அவ்விரண்டில் பிரகாசமானதன் ஒளியைப் பிரித்து ஆராய்ந்து, அதுவும் ஒரு ஜோடியே என்று அறிவித்தார். பிற்பாடு மற்றதும் ஜோடி என்று தெரியவந்தது. கடைசியாக 2009-ல், அருந்ததியின் ஒளியில் மறைந்திருந்த ஒரு சிறு சிவப்பு நட்சத்திரம் அகப்பட்டது. ஆக மொத்தம் ஆறு! இவற்றின் ஒளி நம்மை வந்து சேர ஏறக்குறைய 80 ஆண்டுகள் செல்லும். ஆறும் ஒரு குடும்பம்போல் ஒரே திசையில் சேர்ந்தே பிரயாணம் செய்கின்றன.

பிரியமானவர்களே, இந்த வானத்துக் குடும்பத்திடம் நம் குடும்பங்கள் கற்கவேண்டிய பாடம் இரண்டு.

முதலாவது, தம்பதிகளுக்கு. பிக்கரிங் கண்ட அந்த ஜோடி, இருபதரை நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருகிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே எடையுள்ளவை. ஆகையால், ஒன்று நடுவே அசையாமல் நிற்க, மற்றது அதைச் சுற்றுவதில்லை. இரண்டுக்கும் இடையேயுள்ள ஒரு புள்ளியைச் சுற்றியே இரண்டும் ஓடுகின்றன. அந்தப் புள்ளியில் நட்சத்திரம் எதுவுமில்லை. வீட்டில் "நான் சொன்னதே சட்டம்" என்று புருஷனும், "என் பிறந்த வீட்டார் சொன்னதே சரி" என்று மனைவியும் நடுவிடத்தைப் பிடிக்கப் போராடினால் சமாதானம் ஏது? மெய்விவாகத்தில் நடுவிடம் சேசுநாதருடையது. இருவரும் அவரைச் சுற்றி நடந்தால், ஒருவரையொருவர் விட்டு விலகமாட்டார்கள்.

இரண்டாவது, வீட்டார் எல்லாருக்கும். அந்த ஆறாவது நட்சத்திரத்தைக் கவனியுங்கள். கண்பார்வையைச் சோதிக்க எத்தனையோ தலைமுறையார் அருந்ததியை உற்றுநோக்கினார்கள். அதன் அருகில் இருந்ததை ஒருவரும் காணவில்லை. அது அப்போதும் அங்கேதான் இருந்தது. பெரியதன் பிரகாசம் அதை மறைத்துவிட்டது.

நம் வீடுகளிலும் அப்படி ஒருவர் உண்டு. சம்பாதிக்கும் மகனின் பெயரை ஊரே சொல்லும். பின்கட்டில் பாத்திரம் துலக்கும் விதவை அத்தையை யார் நினைக்கிறார்கள்? முதல் மார்க்கு வாங்கும் பிள்ளையை விருந்தாளிக்குக் காட்டுகிறோம். பரீட்சையில் தேறாத தம்பி கதவுக்குப் பின்னால் நிற்கிறான். வீடு மந்திரிக்கக் குருவானவர் வந்து, "இங்கே எத்தனை பேர்?" என்று கேட்டால், திண்ணையில் படுத்திருக்கும் பாட்டியை விட்டுவிட்டுக் கணக்குச் சொல்லுகிற வீடுகளும் உண்டு. இது அறியாமல் செய்வதே. ஆனாலும் எண்ணப்படாதவருக்கு அது எவ்வளவு வேதனை!

சர்வேசுரனுடைய கணக்கு வேறு. அவர் நட்சத்திரங்களை எண்ணி, ஒவ்வொன்றையும் பெயர்சொல்லி அழைக்கிறவர் என்று சங்கீதம் கற்பிக்கிறது. மனிதர் 2009-ல் கண்ட நட்சத்திரத்தை அவர் ஆதிமுதல் அறிவார். உங்கள் பின்கட்டிலிருப்பவரையும் அறிவார். தீர்வை நாளில், மிகவும் சிறியவர்களுக்கு நாம் செய்ததையும் செய்யாததையும் தமக்கே என்று சொல்லுவார் அல்லவா?

ஆகையால் இந்த வாரம் ஒரு சிறு காரியம் செய்யுங்கள். இரவு ஜெபமாலையில், வழக்கமாய் முன்னின்று சொல்லுகிறவர் சற்று ஒதுங்கி, வீட்டில் யாரும் கவனிக்காதவரை ஒரு பத்துமணி சொல்லச் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் முதல் இலையை அவருக்குப் போடுங்கள். பிறகு வெளியே வந்து, எல்லாரும் சேர்ந்து அருந்ததியைப் பாருங்கள்.

விடியற்காலத்தின் நட்சத்திரமாகிய தேவதாய் உங்கள் இல்லங்களைக் காப்பாற்றுவாராக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு